பெயர் அழிக்கப்பட்ட மன்னன் அக்கெனாத்தன்

எகிப்து என்றதும் எமது பிள்ளைகளுக்குப் பிரமிட்டும் மம்மியும் துட்டங்காமுனின் பொன் முகமூடியும் நினைவுக்கு வரும். பாடசாலையில் படித்துவிட்டு, நூதனசாலைக்கும் ஒருமுறை போய் வந்துவிட்டு, எம்மிடம் ஆயிரம் கேள்வி கேட்பார்கள். அந்தத் துட்டங்காமுனின் தந்தை என்று அறிஞர்களில் பெரும்பாலோர் கருதும் ஒரு மன்னனைப் பற்றி இங்கு எழுதுகிறோம். இவன் தன் நாட்டுக் கோயில்களின் பூசையை நிறுத்தியவன். ஒரே தெய்வம் என்று சொல்லி மற்றத் தெய்வங்களின் பெயரைக் கல்லிலிருந்து கொத்தி அகற்றியவன். பின்னர் அவனுடைய பெயரும் அவ்வாறே கொத்தி அகற்றப்பட்டது. அவன் பெயர் அக்கெனாத்தன். கி.மு. 1352 அளவில் அரியணை ஏறி ஏறத்தாழ 17 வருடங்கள் ஆண்டான்.

அவன் செய்தது என்னவென்று விளங்க வேண்டுமானால், அவனுக்கு முன் எகிப்தியர் எப்படி வழிபட்டனர் என்பதை முதலில் அறிய வேண்டும். ஆலயத்துக்குப் போய் வரும் எமக்கு இது அவ்வளவு அந்நியமாகத் தோன்றாது. எகிப்தியக் கோயிலின் கருவறையில் தெய்வத்தின் திருவுருவம் இருந்தது. விடியற்காலையில் பூசகர் நீராடி, தலை மழித்து, வெண்ணிறச் சணல் ஆடை உடுத்தி, கருவறைக் கதவின் முத்திரையை உடைத்துத் திறப்பார். தெய்வத்தைத் துயிலெழுப்பி, தூபம் காட்டி, திருவுருவத்துக்கு வாசனைத் தைலம் பூசி, புத்தாடை சார்த்தி, உணவு படைப்பார். படைத்த உணவு பின்னர் பூசகருக்கும் கோயில் ஊழியருக்கும் பங்காகப் போய்ச் சேரும். இரண்டு சமயங்களுக்கும் தொடர்பு இருந்தது என்று நாம் சொல்ல வரவில்லை. தெய்வத்தை வீட்டுக்கு வந்த அரசனைப்போல உபசரிக்கும் மனம் உலகில் ஓரிடத்துக்கு மட்டும் உரியதல்ல, அவ்வளவுதான்.

சாதாரண மக்கள் அந்தக் கருவறைக்குள் போக முடியாது. அவர்கள் தெய்வத்தை அண்மையில் காணும் நாள் திருவிழா நாள்தான். தீப்ஸ் நகரில் கர்னாக் கோயிலில் குடியிருந்த அமுன், தேவி மூத், மகன் கொன்சு ஆகிய மூவரும் ஒப்பெத் திருவிழாவின்போது பொன் பூசிய படகுகளில் வைக்கப்பட்டு, பூசகரின் தோள்களில் லக்சர் கோயிலுக்கு எழுந்தருளினர். மூன்றாம் துத்மோஸ் மன்னன் காலத்தில் 11 நாள் நடந்த இவ்விழா, பிற்காலத்தில் மூன்றாம் ராம்சேஸ் காலத்தில் 27 நாளாக நீண்டது. எமது ஊர்க் கோயில்களின் இருபத்தைந்து நாள் கொடியேற்றத் திருவிழாவைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்த ஊரின் கோலம் எப்படி இருந்திருக்கும் என்று சொல்லித் தரத் தேவையில்லை.

இன்னொரு விழாவும் உண்டு. பள்ளத்தாக்குத் திருவிழா என்பர். அன்று அமுன் நைல் நதியைக் கடந்து மேற்குக் கரைக்கு எழுந்தருளுவார். மேற்குக் கரை இறந்தோரின் கரை. குடும்பங்கள் தத்தம் முன்னோரின் கல்லறைகளுக்குப் பூவும் உணவும் பானமும் கொண்டுபோய், இரவு அங்கேயே தங்கி, இறந்தவர்களோடு சேர்ந்து விருந்துண்பார்கள். தெய்வம் கடந்து வரும் நாள், இறந்தவர்களும் வீட்டாரும் கூடும் நாள்.

இறந்தோர் பற்றிய அவர்களுடைய நம்பிக்கை மிக விரிவானது. மனிதன் என்பவன் உடல் மட்டுமல்ல. உணவால் வாழும் கா என்ற உயிர்ச்சக்தி, மனித முகமுள்ள பறவையாக வந்து போகும் பா, நிழல், பெயர் ஆகியனவும் சேர்ந்தவன். உடல் கெடாமல் இருக்க வேண்டும், காவுக்குப் படையல் கிடைக்க வேண்டும், பெயர் நிலைக்க வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் அவன் மறுமை குறைப்பட்டது. இறந்தவன் இருள் உலகத்தின் அரசராகிய ஒசிரிஸ் முன் நிறுத்தப்படுவான். 42 தேவர்கள் அமர்ந்திருக்க, தராசின் ஒரு தட்டில் அவன் இதயமும் மறுதட்டில் மாஅத் என்ற நீதியின் இறகும் வைக்கப்படும். இதயம் நிறை சரியாக இருந்தால் நாணற்புல் வயல்கள் என்ற நல்லுலகம். இல்லையேல் முதலைத் தலையும் சிங்க உடலும் நீர்யானைப் பின்புறமும் கொண்ட ஒரு பிராணி அவ்விதயத்தை விழுங்கிவிடும். இதிலே நாம் கவனிக்க வேண்டியது, அந்தத் தராசின் முன் ஒருவன் தனியே நிற்கிறான் என்பது. அவனுடைய இதயம்தான் அவனுக்குச் சாட்சி. அரசனின் தயவு அங்கே எடை போடப்படுவதில்லை.

இத்தகைய நாட்டில், செல்வத்தின் உச்சத்தில் ஆண்ட மூன்றாம் அமென்ஹோத்தேப்பின் மகனாக எமது கதாநாயகன் பிறந்தான். தாய் தியே அரச குலத்தில் பிறந்தவள் அல்லள். ஆனாலும் பட்டத்தரசியாக இருந்து, அண்டை நாட்டு மன்னர்களே மதித்துக் கடிதம் எழுதும் அளவுக்குச் செல்வாக்குப் பெற்றவள். அரியணைக்கு உரியவன் முதலில் இவன் அல்லன். துத்மோஸ் என்ற அண்ணன் இருந்தான். அவன் மெம்பிஸ் நகரில் தாஹ் தெய்வத்தின் தலைமைப் பூசகராக இருந்தவன். அவன் வளர்த்த பூனை இறந்தபோது அதற்குச் சுண்ணாம்புக் கல்லில் ஒரு பெட்டி செய்து, படையல் மேசையின் முன் பூனை அமர்ந்திருப்பதைச் செதுக்குவித்தான். கெய்ரோ நூதனசாலைக்குச் சொந்தமான அந்தப் பெட்டியை நினைக்கும்போது, பூனைக்கும் மறுமை உண்டென்று நம்பிய அந்த இளவரசன் ஆண்டிருந்தால் எகிப்தின் கதை வேறாக இருந்திருக்குமோ என்று எமக்குத் தோன்றுவதுண்டு. அவன் தந்தைக்கு முன்னரே இறந்துபோனான். தம்பி நான்காம் அமென்ஹோத்தேப் என்ற பெயரில் முடிசூடினான். அமுன் மகிழ்கிறார் என்பது அப்பெயரின் பொருள்.

ஆத்தன் என்பது வானில் காணும் சூரிய வட்டம். அதை இவன் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. தந்தை காலத்திலேயே அரச படகொன்றுக்கு ஆத்தனின் பெயர் இருந்தது. அப்பொழுது அது பல தெய்வங்களுள் ஒன்று. மகன் ஆட்சிக்கு வந்த ஆரம்ப வருடங்களிலேயே கர்னாக்கில், அமுன் கோயிலின் கிழக்கே, ஆத்தனுக்குப் பெரிய கோயில்கள் கட்டத் தொடங்கினான். வேலை விரைவாக முடிய வேண்டுமென்று, ஓர் ஆள் தனியே தூக்கக்கூடிய சிறு கற்களாக வெட்டுவித்தான். ஏறத்தாழ 52 சென்ரிமீற்றர் நீளமுள்ள அக்கற்களைப் பற்றிப் பின்னர் சொல்ல வேண்டியிருக்கிறது. வழக்கமாக 30 வருட ஆட்சிக்குப் பின் நடத்தும் செத் பெருவிழாவை, ஆண்ட ஓரிரு வருடங்களுக்குள்ளேயே அங்கு நடத்தினான்.

ஆத்தனை மனித உருவிலோ விலங்கு உருவிலோ காட்டவில்லை. ஒரு வட்டம், அதிலிருந்து கீழ்நோக்கி இறங்கும் கதிர்கள், ஒவ்வொரு கதிரின் முனையிலும் ஒரு சிறு கை. அந்தக் கைகளுள் சில, உயிரின் சின்னத்தை மூக்கருகே நீட்டும். யாருடைய மூக்கருகே என்பதுதான் விஷயம். மன்னனுக்கும் அரசிக்கும் மட்டுமே. சிற்பத்தில் நிற்கும் மந்திரிக்கோ சேவகனுக்கோ உழவனுக்கோ அந்தக் கை உயிரை நீட்டுவதில்லை. ஆத்தனை அறிந்தவன் நான் ஒருவனே என்பதுதான் மன்னனின் நிலைப்பாடு. மற்றவர்கள் மன்னனை வணங்க வேண்டும், மன்னன் ஆத்தனை வணங்குவான். ஒரே தெய்வம் என்ற உயர்ந்த எண்ணத்தை இவன் கண்டான் என்று போற்றுவோர், இந்த இடைவழியைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

ஆட்சியின் 5ஆம் வருடத்தில் பெயரை மாற்றினான். அமுனின் பெயர் தன் பெயருக்குள் இருப்பதை அவன் விரும்பவில்லை. ஆத்தனுக்குப் பயன்படுபவன் என்று பொருள்படும் அக்கெனாத்தன் ஆனான். அதே வருடத்தில் தீப்ஸை விட்டு, இன்றைய கெய்ரோவுக்குத் தெற்கே ஏறத்தாழ 300 கிலோமீற்றர் தூரத்தில், நைலின் கிழக்குக் கரையில், எந்தத் தெய்வத்துக்கும் உரியதல்லாத ஒரு வெறும் மணல் வெளியைத் தேர்ந்தான். பின்னால் மலை வளைந்து நிற்கும். அந்த மலையில் ஒரு பிளவு. அதனூடே சூரியன் எழும் காட்சி, எகிப்திய எழுத்தில் அடிவானத்தைக் குறிக்கும் சின்னத்தைப் போலவே இருக்கும். அங்கே அக்கெத்தாத்தன், அதாவது ஆத்தனின் அடிவானம், என்ற நகரை எழுப்பினான். இன்று அவ்விடத்தை அமர்னா என்பர். சுற்றிலும் மலைப்பாறைகளில் எல்லைக் கல்வெட்டுகளைச் செதுக்குவித்து, தான் வேறெங்கு இறந்தாலும் உடலை இங்கு கொண்டுவந்து கிழக்கு மலையில் அடக்க வேண்டும் என்று ஆணையிட்டான். கிழக்கு மலையில்! தலைமுறை தலைமுறையாக மன்னர்கள் சூரியன் மறையும் மேற்கிலேயே அடக்கம் செய்யப்பட்டு வந்தார்கள் என்பதை நினைத்தால், இந்த ஒரு சொல் எவ்வளவு பெரிய மாற்றம் என்பது விளங்கும்.

சில வருடங்களுக்குள் 20,000 முதல் 50,000 வரையான மக்கள் அங்கு குடியேறினர் என்று மதிப்பிடுகின்றனர். மாளிகைகள், அலுவலகங்கள், சிற்பிகளின் வீடுகள் எல்லாம் வெயிலில் காய்ந்த மண் கற்களால் எழுந்தன. துத்மோஸ் என்ற சிற்பியின் பட்டறையில்தான் அரசி நெஃபர்டிட்டியின் வண்ணத் தலைச்சிலை 1912இல் ஜேர்மன் அகழ்வாளர் லுட்விக் போர்க்கார்ட்டின் குழுவுக்குக் கிடைத்தது. இப்பொழுது பேர்லினில் இருக்கும் அச்சிலையை அறியாதவர் இல்லை. அரசனின் உருவமோ வேறுவிதம். நீண்ட முகம், தடித்த உதடு, ஒடுங்கிய தோள், பருத்த தொடை. முந்திய மன்னர்களின் கம்பீரச் சிலைகளைப் பார்த்த கண்ணுக்கு விசித்திரமாகவே இருக்கும். ஆனால் வேறெந்த மன்னனும் செதுக்காத காட்சிகளை இவன் செதுக்குவித்தான். மன்னனும் அரசியும் எதிரெதிரே அமர்ந்து, மடியில் குழந்தைகளை வைத்துக் கொஞ்சுகின்றனர். ஒரு மகள் தாயின் காதணியோடு விளையாடுகிறாள். அவர்களுக்கு ஆறு பெண் குழந்தைகள்.

புதிய நகரின் பெரிய கோயிலுக்குக் கூரை இல்லை, திருவுருவமும் இல்லை. திறந்த முற்றங்களில் வரிசை வரிசையாக நூற்றுக்கணக்கான படையல் மேசைகள். ரொட்டியும் இறைச்சியும் பூவும் பானமும் அவற்றில் குவிக்கப்படும். மன்னன் வெயிலில் நின்று படைப்பான். உடன் வந்தவர்களும் வெயிலில் நிற்க வேண்டும். அசீரிய மன்னன் அஷூர்-ஊபலித், தன் தூதர்களை வெயிலில் நிறுத்தி வதைப்பது ஏன் என்று கடிதத்தில் குறைப்பட்டுக்கொண்டான். 1887இல் அமர்னாவில் கண்டெடுக்கப்பட்ட ஏறத்தாழ 380 களிமண் கடிதங்களுள் அதுவும் ஒன்று. மித்தானி மன்னன் துஷ்ரத்தாவோ, உன் தந்தை கனத்த பொற்சிலை தருவதாகச் சொன்னார், நீ பொன் பூசிய மரச்சிலையை அனுப்பிவிட்டாய் என்ற பொருளில் விடாமல் எழுதினான். பிப்ளோஸ் நகரின் ரிப்ஹத்தா படை கேட்டு அனுப்பிய கடிதங்கள் மட்டும் ஏறத்தாழ 60. படை போகவில்லை.

ஊர்வலம் என்று ஒன்று புதிய நகரிலும் இருந்தது. நகரின் நீளத்துக்கு ஓடிய அரச வீதியில் மன்னனும் அரசியும் இரதத்தில் செல்வர். மக்கள் இருபுறமும் பணிந்து நிற்பர். அமுனின் படகு வந்த இடத்தில் இப்பொழுது அரசனின் இரதம்.

பின்னர் உளிகள் புறப்பட்டன. மன்னனின் ஆணைப்படி நாடெங்கும் ஆட்கள் ஏணியும் உளியுமாகச் சென்று அமுன் என்ற எழுத்துகள் எங்கிருந்தாலும் கொத்தி எடுத்தார்கள். உயர்ந்த தூண்களின் உச்சியிலிருந்தும் எடுத்தார்கள். மன்னனின் சொந்தத் தந்தையின் பெயரில் அமுன் இருந்தது. அதையும் விடவில்லை. சில இடங்களில் தெய்வங்கள் என்ற பன்மைச் சொல்லையே அழித்தார்கள். பெயர் என்பது உயிரின் ஒரு பாகம் என்று நம்பிய நாட்டில், இது கல்லில் செய்த வெறும் கீறல் அல்ல. கொலை.

கோயில்களின் வருமானம் ஆத்தனுக்குத் திருப்பப்பட்டது. அமுன் கோயிலின் நிலமும் பொன்னும் பூசகரின் செல்வாக்கும் மன்னனுக்கு அச்சமூட்டியிருக்கும் என்று சிலர் காரணம் சொல்வர். அதில் உண்மை இருக்கலாம். ஆனால் அமுனின் படகு நின்றபோது நின்றது பூசகரின் வருமானம் மட்டுமல்ல. ஒப்பெத் திருவிழா நின்றது. முன்னோரோடு விருந்துண்ணும் பள்ளத்தாக்குத் திருவிழாவுக்கு ஆற்றைக் கடந்து வரத் தெய்வமே இல்லாமற் போயிற்று. எந்தக் கணக்கேட்டிலும் எழுதாத இழப்பு இது.

மறுமையும் மாறியது. அமர்னா மலையில் அதிகாரிகளுக்காகக் குடைந்த கல்லறைகளில் ஒசிரிஸ் இல்லை, தராசும் இல்லை. பழைய கல்லறைச் சுவர்களில் இறந்தவனின் குடும்பம், வயல், விருந்து எல்லாம் இருக்கும். இங்கோ சுவர் முழுவதும் மன்னனும் அவன் குடும்பமும் அவன் இரதமும். கல்லறைக்கு உரியவன் ஒரு மூலையில் சிறிய உருவமாகக் கும்பிட்டு நிற்கிறான். இரவில் இறந்தோர் எங்கும் பயணம் போவதில்லை, கல்லறையில் உறங்குகிறார்கள். விடிந்ததும் அவர்களுடைய பா எழுந்து ஆத்தன் கோயிலுக்குப் போய், மன்னன் வைக்கும் படையலில் பங்கு பெறும். அதாவது, செத்த பிறகும் சோறு மன்னன் கையில். அந்தத் தயவை வேண்டித்தான் கல்லறை வாசலில் பிரார்த்தனைகள் எழுதப்பட்டன. தன் இதயத்தைச் சாட்சியாக வைத்துத் தனியே நின்ற மனிதன் போய்விட்டான்.

இத்தனைக்கும் மக்கள் என்ன செய்தார்கள்? அமர்னா வீடுகளைத் தோண்டியவர்களுக்கு விடை கிடைத்தது. தலைநகரத்திலேயே, மன்னனின் மூக்கின் கீழேயே, வீடுகளில் பெஸ் என்ற குள்ளத் தெய்வத்தின் சிறு உருவங்களும், நீர்யானை வடிவான தவெரெத்தின் தாயத்துகளும் கிடைத்தன. பெஸ் நாக்கை நீட்டிக் கூத்தாடித் தீயவற்றை விரட்டும் தெய்வம். தவெரெத் பிள்ளை பெறும் பெண்களைக் காப்பவள். தொழிலாளர் கிராமத்து வீடொன்றின் சுவரில் ஆடும் பெஸ் உருவங்களை வண்ணத்தில் தீட்டியிருந்தார்கள். பிரசவத்துக்குக் காத்திருக்கும் ஒரு பெண்ணுக்கு வானத்து வட்டம் என்ன ஆறுதல் சொல்லும்? அவள் தன் தாயும் பாட்டியும் கழுத்தில் கட்டியதையே கட்டிக்கொண்டாள். பெரிய கோயில் எட்டாத இடங்களில் சமயம் சமையலறை மூலையிலும் பெண்களின் கழுத்திலும் உயிரோடு இருப்பதை நாமும் அறிவோம். புலம்பெயர்ந்த எமது வீடுகளின் அலுமாரித் தட்டுகளில் தொடங்கிய சுவாமி அறைகளை நினைத்துக்கொள்கிறோம்.

அந்த மக்களின் எலும்புகளும் பேசுகின்றன. 1977 முதல் பல்லாண்டுகள் அமர்னாவில் ஆய்வு செய்து 2024இல் மறைந்த ஆங்கிலேய அறிஞர் பாரி கெம்ப்பின் குழுவினர், 2006இலிருந்து நகரின் சாதாரண மக்களின் இடுகாட்டைத் தோண்டினர். மம்மி இல்லை, மரப் பெட்டிகூட மிகச் சிலருக்குத்தான். பெரும்பாலோர் துணியில் சுற்றி, குச்சிகளால் பின்னிய பாயில் உருட்டி, மணலில் கிடத்தப்பட்டிருந்தனர். குழந்தைகளும் இளைஞர்களும் ஏராளம். உடல் வளர்ச்சி குன்றியிருந்தது. முதுகெலும்பில் பாரம் சுமந்த தழும்புகள். நகரின் வடபுறத்தில் தோண்டிய இன்னொரு இடுகாட்டில் இருந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் 7 வயதுக்கும் 25 வயதுக்கும் இடைப்பட்டவர்கள். கட்டட வேலைக்கு அழைத்துவரப்பட்ட சிறுவர்கள் என்று ஆய்வாளர் கருதுகின்றனர். ஓர் ஆள் தூக்கக்கூடிய கல் என்று முன்னர் எழுதினோம். எந்த ஆள் தூக்கினான் என்பதை இந்த எலும்புகளைப் பார்த்த பின் யோசிக்க வேண்டியிருக்கிறது. தென்புற இடுகாட்டில் கிடைத்த சிறு நினைவுக் கற்களில் ஆத்தனும் இல்லை, அரச குடும்பமும் இல்லை. கல்லறைக்குரியவர்கள் தங்கள் கதிரையில் தாங்களே அமர்ந்திருக்கிறார்கள்.

மன்னனையும் துயரம் விட்டுவைக்கவில்லை. ஆட்சியின் 12ஆம் வருடத்தில் அண்டை நாடுகளின் காணிக்கைகளை ஏற்கும் பெருவிழா நடந்தது. அதற்குப் பின் சாவுகள். இரண்டாம் மகள் மெக்கெத்தாத்தன் இறந்தாள். மலைப் பிளவுக்குள் குடைந்த அரச கல்லறையின் சுவரில், கிடத்தப்பட்ட சிறுமியின் முன் தாயும் தந்தையும் தலையில் கைவைத்து அழுகின்றனர். மன்னன் அரசியின் கையைப் பற்றி நிற்கிறான். எகிப்திய மன்னர்கள் அழுவதைச் சுவரில் செதுக்கும் வழக்கமே இல்லை. அந்தப் படத்தில் மட்டும் அவன்மேல் எமக்கு உள்ள கோபம் தணிகிறது. தராசையும் ஒசிரிஸையும் நாணற்புல் வயல்களையும் அகற்றிவிட்ட தந்தை, இறந்த மகள் எங்கே போயிருக்கிறாள் என்று தனக்குத் தானே என்ன சொல்லிக்கொண்டான்?

அவனுடைய சொந்தக் கல்லறையிலும் பழைய நம்பிக்கை எட்டிப் பார்க்கிறது. மறுமையில் எசமானுக்காக வயல் வேலை செய்யும் ஷப்தி என்ற சிறு பொம்மைகள் ஒசிரிஸின் உலகத்துக்கு உரியவை. அக்கெனாத்தனின் கல்லறையில் அவற்றின் துண்டுகள் 200க்கு மேல் கிடைத்துள்ளன. கற்பேழையின் நான்கு மூலைகளிலும் வழக்கமாக நிற்கும் காவல் தேவியருக்குப் பதிலாக நெஃபர்டிட்டியின் உருவத்தைச் செதுக்கியிருந்தார்கள்.

17ஆம் வருடத்தில் அவன் மறைந்தான். அமர்னாவில் கிடைத்த ஒரு ஜாடித் துண்டில் 17ஆம் வருடம் என்று எழுதியதை அழித்து 1ஆம் வருடம் என்று எழுதியிருக்கிறது. அரசு மாறியதை ஒரு களஞ்சியக்காரன் பதிந்த விதம் அது. சிறிது காலத்தின்பின் துட்டங்காத்தன் என்ற சிறுவன் அரியணை ஏறி, தன் பெயரை துட்டங்காமுன் என்று மாற்றிக்கொண்டான். அவன் பெயரில் நாட்டிய கல்வெட்டு, தெற்கு எல்லை முதல் வடக்குச் சதுப்பு நிலம் வரை கோயில்கள் பாழடைந்து புல் முளைத்துக் கிடந்தன என்றும், தெய்வங்கள் நாட்டைக் கைவிட்டிருந்தன என்றும், வேண்டியோருக்கு எவரும் செவிசாய்க்கவில்லை என்றும் சொல்கிறது. புது ஆட்சி பழைய ஆட்சியைப் பற்றிச் சொல்வதைக் கொஞ்சம் குறைத்தே எடுக்க வேண்டும். ஆனாலும் பூசகர்கள் மீண்டும் நியமிக்கப்பட்டார்கள், திருவுருவங்கள் புதிதாய்ச் செய்யப்பட்டன, படகுகள் மீண்டும் புறப்பட்டன. அக்கெத்தாத்தன் நகரை மக்கள் கைவிட்டுப் போனார்கள். அதே சிறுவனின் கல்லறையிலிருந்து எடுத்த பொற்சிங்காசனத்தில் இன்றும் ஆத்தனின் கதிர்க்கைகள் நீண்டிருக்கின்றன. எவரும் அதைச் சுரண்டவில்லை.

அக்கெனாத்தன் பெயரை அழிக்கும் வேலை ஹோரெம்ஹெப்பின் காலத்திலும் அடுத்த வம்சத்திலும் தீவிரமாயிற்று. அபிதோஸில் முதலாம் சேத்தி மன்னன் செதுக்குவித்த முன்னோர் பட்டியலில் 76 பெயர்கள் உண்டு. மூன்றாம் அமென்ஹோத்தேப்புக்கு அடுத்து நேரே ஹோரெம்ஹெப் வருகிறான். இடையில் எவருமே ஆளவில்லை என்பதுபோல. அக்காலத்தைக் குறிக்க வேண்டி வந்த ஒரு காணி வழக்குப் பத்திரம், மன்னனைப் பெயர் சொல்லாமல் பகைவன் என்றே எழுதியது. 1907இல் அரசர் பள்ளத்தாக்கில் திறந்த ஒரு கல்லறையில், பொன் முகத்தின் பெரும்பகுதி பிய்த்தெடுக்கப்பட்டு, பெயர்கள் வெட்டியெடுக்கப்பட்ட ஒரு பெட்டி கிடந்தது. உள்ளே ஓர் ஆணின் எலும்புகள். 2010இல் வெளியான மரபணு ஆய்வு, அவர் துட்டங்காமுனின் தந்தை என்றும், மூன்றாம் அமென்ஹோத்தேப்புக்கும் தியேக்கும் பிறந்தவர் என்றும் சொன்னது. அது அக்கெனாத்தனே என்று பலர் ஏற்கின்றனர். வயதைக் காரணம் காட்டி மறுப்பவரும் உளர். யாராயினும், அந்தப் பெட்டியில் பெயர் இல்லை. அமுனுக்குச் செய்தது அப்படியே திரும்பி வந்தது.

இருபதாம் நூற்றாண்டில் அவனுக்குப் புதுப் புகழ் பிறந்தது. அமெரிக்க அறிஞர் ஜேம்ஸ் ஹென்றி பிரெஸ்டெட் அவனை மிக உயர்த்தி எழுதினார். சிக்மண்ட் பிராய்ட் 1939இல் வெளியிட்ட நூலில் மோசேயின் சமயத்துக்கே அவன்தான் மூலம் என்று வாதிட்டார். அகதா கிறிஸ்டிகூட அவனைப் பற்றி ஒரு நாடகம் எழுதியிருக்கிறார். அவன் காலத்துச் சூரியத் துதி அழகானது என்பதை நாமும் மறுக்கவில்லை. முட்டைக்குள் இருக்கும் குஞ்சுக்கும் மூச்சுக் கொடுப்பது கதிரவனே என்ற கருத்து அதில் வருகிறது. ஆனால் அந்தத் துதியை மட்டும் படித்துவிட்டு அவனை ஞானி என்போர், இடுகாட்டுக் குழந்தைகளையும் உளியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது எமது எண்ணம்.

அந்தச் சிறு கற்களின் கதை மிச்சமிருக்கிறது. ஹோரெம்ஹெப் கர்னாக்கின் ஆத்தன் கோயில்களை இடித்து, பல்லாயிரக்கணக்கான கற்களைத் தான் கட்டிய அமுன் கோபுரவாசல்களுக்குள் நிரப்புக் கல்லாகப் போட்டான். இருளில் வெயில் படாமல் மூவாயிரம் வருடங்களுக்கு மேல் கிடந்ததால் பல கற்களின் வண்ணம்கூட மங்கவில்லை. கோபுரங்களைப் பழுதுபார்க்கப் பிரித்தபோது அவை வெளியே வந்தன. 1966 முதல் ஓர் ஆய்வுக்குழு அவற்றைப் புகைப்படம் எடுத்து, அக்காலத்துக் கணினியின் உதவியோடு எந்தக் கல் எதனோடு பொருந்தும் என்று தேடியது. அப்படிச் சேர்த்த ஒரு சுவர் லக்சர் நூதனசாலையில் இருக்கிறது. 283 கற்கள். மன்னனும் அரசியும் வழக்கம்போல் ஆத்தனை வணங்குகிறார்கள். சுவரின் மற்றப் பகுதியிலோ கோயில் களஞ்சியத்தில் சாதாரண ஆட்கள் மூட்டை சுமக்கிறார்கள், ஜாடிகளை அடுக்குகிறார்கள், மாட்டுக்குத் தீனி வைக்கிறார்கள்.